ஒரே ஆள்

கொழிஞ்சாம்பாறை வில்லேஜ் ஆபீசில்
மயிலாத்தாளும் மயிலம்மாவும்
ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருத்தி பேரில் இரண்டேகால் ஏக்கர்.
இன்னொருத்தி பேரில் ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு.
மழையில் விழுந்த வீட்டுக்கு நஷ்டஈடு
நிலத்துக்காரிக்கு அனுமதியாகி
கார்டுக்காரியின் கணக்குக்குப் போய்
ஆள் தெரியாமல் திரும்பிவிட்டது.

இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று
சர்ட்டிபிகேட் வேண்டும் என்றார் ஆபீசர்.
கண்ணூர்ப் பக்கத்துப் பெண். நல்ல மாதிரி.
மின்விசிறியை இவள் பக்கம் திருப்பி வைத்தார்.
"எனக்கு விஸ்வாசம் உண்டு அம்மா.
ஃபைலுக்கு இல்லை."
தமிழிலேயே மனுக் கொடுக்கலாம் என்று
சுவரில் ஓர் உத்தரவு ஒட்டியிருந்தது,
மலையாளத்தில்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும்.
அக்கம், காலி மனை.
பக்கம், நான்.

பதினாறு வருஷமாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
முறைத்தண்ணியில் என் மூன்று மணி நேரத்திலிருந்து
அரைமணியை இருட்டில் வெட்டிக்கொண்டவள்.
என் ஆடு செத்த அன்றைக்கு
வேலியோரம் நின்று சிரித்தவள்.
சிரித்தாளா இருமினாளா
இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

"இவரை அறியுமோ?"
அறியுமோவா.
நடுச்சாமத்தில் மண்வெட்டி விழும் சத்தத்தை வைத்தே
அவள்தான் என்பேன்.
வாய்மொழி போதாதாம்.
ரெக்கார்டு ஏதாவது?

வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியைக் கவிழ்த்தேன்.
சித்தூர் முன்சீப் கோர்ட்டில்
அவள்மேல் நான் போட்ட வழக்கின் நகல்.
தள்ளுபடி ஆன பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.
முதல் பக்கம் பாக்கி.
பிரதிவாதி: மயிலம்மா என்கிற மயிலாத்தாள்.

தப்பிக்க ஒரு பேரையும் விட்டுவைக்காதே என்று
வக்கீல் குமாஸ்தாவிடம்
இரண்டையும் எழுதச் சொன்னது நான்.
அவளை ஒரு வரியில் சேர்த்துக் கட்டிய காகிதம்
இரண்டு ராஜ்யத்திலும் அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் பெட்டிக்கு முன்னால்
உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று
யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
பிறகு வெயிலில் நடந்தேன்.

மேசைமேல் வைத்ததும் படித்தார்.
விரல் வாதியின் பேரில் நின்றது.
"இதில் வஞ்சியப்பன்.
உங்க ஆதாரில் வஞ்சப்பன்.
நீங்க யாரு?"

சாட்சி சொல்ல
முதலில் நான் நானாக வேண்டும்.
அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும்.
ஆபீசர் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

மயிலாத்தாள் செருமினாள்.
(அதே சத்தம். ஆடு செத்த அன்றைக்குக் கேட்டது.)
"இந்த மனுசனுங்களா?
அரைமணித் தண்ணிக்கு என்னைய
எட்டு வருசம் சித்தூருக்கு நடக்க உட்டவருங்க.
வேற ஆளு இருக்கவே முடியாதுங்க."

ஆபீசர் எழுதத் தொடங்கினார்.
"எட்டு வருஷம்..."

"ஏழு," என்றேன்.