ஒன்பதாம் அறை

திரியெஸ்தேயில் காற்றுக்குப் பெயர் உண்டு.
போரா என்கிறார்கள்.
பேர் சொல்லி ஏசும்படியான காற்றுதான்:
என் குடையைப் பிடுங்கிக் கடலுக்குக் கொடுத்தது,
உன் தொப்பியைத் தபால் நிலையத்துக்கு.

அதற்கு முன்பே பேருந்தில் சண்டை.
நம் பாஷை ஒருவருக்கும் தெரியாத ஊரில்
குரலைத் தாழ்த்தாமல் சண்டை போடலாம்,
என்ன சௌகரியம்.
ரயில் டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்று தொடங்கி
உன் அக்கா கல்யாணம் வரை போய்விட்டது.
முன் இருக்கைக் கிழவர் திரும்பி
இருவரையும் பார்த்து
எனக்குச் சாதகமாகத் தலையசைத்தார்.
அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது
ஓவியத்துக்காக அல்ல. கதவு திறந்திருந்தது.
தலைக்கு ஒன்பது யூரோ.
மனசுக்குள் நூறால் பெருக்கி
இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உச்சுக் கொட்டினோம்.
அன்றைக்கு நாம் ஒத்துப்போன முதல் விஷயம்.

கோட்டுகளை வாங்கிக்கொண்ட பெண்
நாற்பத்தொன்று என்று ஒரே ஒரு வில்லை கொடுத்தாள்.
நமக்கு ஒரு கொக்கி போதும் என்று நினைத்துவிட்டாள்.
வில்லையோடு நீ இடப்பக்கம் போனாய்.
நான் வலப்பக்கம்.

முதல் அறையில் புனிதர்கள்.
இரண்டாவதிலும் புனிதர்கள், கொஞ்சம் ரத்தத்தோடு.
நாலாவதில் கப்பல் முதலாளிகள்,
அவர்கள் மனைவிகள், மனைவிகளின் நாய்கள்.
நாய்கள் மட்டும்தான் என்னை முகம் கொடுத்துப் பார்த்தன.
ஆறாவதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தார்கள்.
பிடித்ததை வரையச் சொல்லியிருப்பாள் டீச்சர்.
எலியா என்று சட்டையில் ஒட்டியிருந்தவன்
சுவரோரத் தீயணைப்புக் குப்பியை,
அதில் தொங்கும் தேதிச் சீட்டு உட்பட,
வரைந்து முடிக்கப்போகிறான்.
சிவப்புப் பென்சில் தீரும் தறுவாயில் இருந்தது.

ஒன்பதாம் அறையில்தான் அவள்.
முதுகைக் காட்டி நின்று மீன் ஆய்கிறாள்.
முகம் இல்லை. முழங்கை இருக்கிறது,
பிடரியில் ஒட்டிய ஈர மயிர் இருக்கிறது,
வாளி நிறையச் செதில்,
ஜன்னல் விளிம்பில் பாதி கடித்த பேரிக்காய்.
யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.
திரும்பக் கூடாதென்று முடிவெடுத்த முதுகு அது.
எனக்குத் தெரியும் அந்த முதுகை.
காலையில் பேருந்தில் என்னிடம் இருந்தது.

ஷூவுக்குள் கட்டைவிரல் தனியாக அழுதது.
இருந்தும் நின்றேன்.

மூலையில் நாற்காலி. நாற்காலியில் நீவேஸ்,
பெயர் மார்பில் குத்தியிருந்தது.
பதினோரு வருடமாக இந்த அறைக்குக் காவல்.
என் ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும்
ஒன்றையொன்று கைத்தாங்கலாகப் பிடித்து நடந்தன.
இந்தப் படம் பிடிக்குமா என்றேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
"படத்தைப் பார்ப்பதில்லை.
பார்ப்பவர்களைப் பார்க்கத்தான் சம்பளம்."
ஒரு படத்தின் முன் ஒரு மனிதர் ஏழு விநாடி,
அது அவள் கணக்கு:
பெயர்ச்சீட்டு படிக்க நாலு,
காசு கொடுத்ததற்காக மூன்று.

பிறகு தாடையால் வாசலைக் காட்டினாள்.
"நீலக் கம்பளிச் சட்டை. அங்கே நின்றார்.
படத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.
உன்னைத்தான் பார்த்தார்.
திருடனோ என்று கடிகாரத்தை எடுத்தேன்.
நாலு நிமிடம்.
போய்விட்டார்."

நான் திரும்பவில்லை.
வாசலில் யாரும் இல்லை என்று தெரிந்தும்
கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

கீழே காபிக் கடையில்
இரண்டு கோட்டையும் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாய்,
என்னுடையது மேலே.
மேஜையில் ரயில் டிக்கெட்டு, மடங்கிப்போய்.
உள்பையில் இருந்ததாம்.
எந்தக் கோட்டின் உள்பை என்று நீ சொல்லவில்லை.
சர்க்கரையை என் பக்கம் நகர்த்தினாய்.

"என்ன பார்த்தே?"
"மீன்."
"நல்ல மீனா?"
யோசித்துப் பார்த்தேன்.
"கண்ணு தெளிவா இருந்துச்சு.
செவுளைத் தொட்டுப் பாக்க விடமாட்டாங்க."