பனி எட்டாத உயரம்

கோத்தகிரி சந்தையில் விற்றவருக்கே
பெயர் தெரியவில்லை.
"பூத்தா பட்டாசு மாதிரி இருக்கும். தையில பூக்கும்."
கறுப்புப் பையில் ஒரு முழக் குச்சி, நாலு இலை,
முப்பது ரூபாய்.

இலை இரண்டிரண்டாக வந்தது.
மூன்றாவது இலை இருக்கவேண்டிய இடத்தில்
மூன்று விரல்.
அந்த விரல்கள் கைலி காயும் கயிற்றைப் பிடித்தன,
ஆண்டெனாக் கம்பியைப் பிடித்தன,
ஒருநாள் மீட்டர் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொள்ள
ரீடிங் எடுக்க வந்தவரிடம் நான் திட்டு வாங்கினேன்.
பூ மட்டும் இல்லை.

கட்டபெட்டுக்குக் கீழே, குழியில் இருக்கிறது என் வீடு.
குளிருக்கும் தண்ணீரின் குணம்தான்.
சரிவெல்லாம் இறங்கி இறங்கி
என் வாசலில் வந்து தேங்கும்.
ஃபாக்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து
விடியற்காலை நான் வரும்போது
புல்லில் யாரோ உப்பைக் கொட்டியிருப்பார்கள்.
முதல் மார்கழியில்
கொடி வெந்த கீரையாகத் தொங்கியது.

வெயில் தொடும் முன்னே தண்ணீர் தெளித்துப்
பனியைக் கழுவிவிட வேண்டுமாம்.
தண்ணீருக்கு எங்கே போவேன்?
ஊற்றிலிருந்து வரும் ஹோஸை
மேல்வீட்டுப் பெள்ளிராஜ்
தன் கோஸ் வயலுக்குத் திருப்பிக்கொண்டார்.
பஞ்சாயத்தில் பேசியாயிற்று.
அதோடு அவரும் நானும் பேசுவதில்லை.
அவர் வயலில் ஸ்பிரிங்க்ளர் சுற்றும் சத்தம்
பகலில் தூங்கப் பார்க்கும் என் காதுக்குள் சுற்றும்:
டிச் டிச் டிச் டிச்

இரண்டாம் மார்கழி
தேயிலைக்கு மூடுவதுபோல்
தாகை வெட்டிவந்து போர்த்தினேன்.
அது போதாமல் என் ஜெர்கினையும்.
பல் தந்தியடிக்க வேலைக்குப் போனவனை
மேஸ்திரி கேட்டார், "எங்கய்யா கோட்டு?"
"வீட்ல ஒருத்திக்குக் குளிருது" என்றேன்.
கல்யாணம் ஆகாதவன் சொன்னது
மறுநாள் கொழுந்து எடுக்கும் பெண்கள்வரை
போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் வருஷம் விட்டுவிட்டேன்.
அடியில் இலை கொட்டி
செத்த பாம்பைச் சுவரில் ஆணியடித்த மாதிரி நின்றது.
வெட்டக் கத்தி எடுத்தேன்.
தூக்கம் வந்தது, வைத்துவிட்டேன்.

தை பிறந்து நாலாம் நாள், பகல் பதினொன்று,
கதவைத் தட்டினார்கள்.
பெள்ளிராஜ்.
இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு:
"உன் கூரை எரியுது, வந்து பாரு."
பக்கெட்டைத் தேடினேன். காலிப் பக்கெட்.
"அது வேண்டாம். வா."

அவர் மாட்டுக்கொட்டகைவரை ஏறித்
திரும்பிப் பார்த்தேன்.
தகரத்தைக் காணோம்.
ஆரஞ்சு.
குழாய் குழாயாய், நுனி சுருண்டு,
கொத்தின்மேல் கொத்து,
தேன்சிட்டு தலைகீழாய்த் தொங்கித் துளைபோடுகிறது.
ஒரு பூகூட
என் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.
பனி எட்டாத உயரம் எதுவென்று
விரலால் தடவித் தடவி
அது கண்டுபிடித்திருக்கிறது.
நான் அதன் காலுக்குப்
போர்வை தேடிக்கொண்டிருந்தேன்.

"பத்து நாளா இப்படி.
சுமதி காப்பியை இங்கதான் வந்து குடிக்கிறா.
எனக்கும் ஒரு குச்சி குடு."

கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினேன்.
மண்ணுக்குள் இரண்டு கணு, வெளியே ஒன்று.
வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது:
"தண்ணி ரொம்ப விடாதீங்க."

அவர் குச்சியைப் பார்த்தார்.
நான் ஸ்பிரிங்க்ளரைப் பார்த்தேன்.
டிச் டிச்.

ஹோஸ் இன்னும் அவர் பக்கம்தான்.
ஷிப்ட் விட்டு இப்போது நான்
குறுக்குப் பாதையில் இறங்குவதில்லை.
ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய்
அவர் கொட்டகை மூலையில் வெளிச்சம் வரும்வரை நின்று
என் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான்
தூங்கப் போகிறேன்.
முதல் நாள் மாடு முறைத்தது.
இப்போது பழகிவிட்டது.