காலாவதி அட்டவணை

தினப்பிரதி ஏழு, வாரப்பிரதி ஐந்து,
மாதப்பிரதி பன்னிரண்டு.
வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கும்.
புந்தா அரேனாஸ் குடிநீர்க் கூட்டுறவில்
என் வேலை இவ்வளவுதான்:
எதை எத்தனை நாள் வைப்பது,
எதை எந்த இரவில் விட்டுவிடுவது.

மேலாளர் கர்செவிச் சொல்வார்:
"எல்லாவற்றையும் வை, யமிலெத். வட்டு மலிவு."
வட்டு மலிவுதான்.
அதற்குள் தேடுகிறவளின் இரவு மலிவில்லை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
இங்கே ஆறு சின்னது,
நாங்கள் நீரிணையில் போடுகிறோம்.

அதாவது, வெள்ளிக்கிழமை மாலை
செங்கல் அளவில் ஒரு வட்டு,
எலியாசரின் மனைவி பின்னிக் கொடுத்த கம்பளி உறையில்,
படகேறி அக்கரைக்குப் போகும்.
போர்வெனீரில் ரொட்டிக்கடை மாடியில் ஓர் இரும்புப் பெட்டி.
சாவி ரொட்டிக்காரர் கையில்,
எப்போதும் கொஞ்சம் மாவோடு.
இக்கரை எரிந்தாலும் அக்கரை இருக்கும்
என்பது ஏற்பாடு.

எரியவில்லை. நனைந்தது.
ஜூலையில் ஒரு ஞாயிறு
உறைந்த குழாய் வெடித்தது.
எங்கள் குழாய். எங்கள் நிலவறை.
சர்வர் கீழ்த்தட்டில்.
தினப்பிரதி ஏழும் அதற்கு நேர் மேல்தட்டில்,
வரிசையாக, தேதி ஒட்டி,
என் கையெழுத்தில்.
ஏழும் ஒரே தண்ணீரைக் குடித்தன.

அக்கரை இருக்கிறதே என்றேன்.
தொலைபேசியில் ரொட்டிக்காரர் உறையைப் பிரித்து
தேதியைப் படித்தார்.
மறுபடி படிக்கச் சொன்னேன்.
மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து காற்று,
துறைமுகம் மூடிக் கிடந்தது,
போக வேண்டிய மூன்று வட்டும்
எலியாசரின் மேசை இழுப்பறையில்
கம்பளி போர்த்தித் தூங்கியிருக்கின்றன.
அந்த மேசையும் நிலவறையில்தான்.

இருபத்துமூன்று நாள் பழைய ஊர் எழுந்து வந்தது.
பணம் கட்டியவர்கள் கட்டாதவர்கள் ஆனார்கள்.
புதிதாகக் குடியேறிய இரண்டு வீடுகள்
மறுபடி வெறும் மனை.
மீட்டர் எண் 2208, செகுந்தோ ஓயார்சோ,
உயிரோடிருந்தார்.
அச்சு இயந்திரம் யாரையும் விசாரிப்பதில்லை.
அவர் பெயருக்குப் பில் அடித்தது.

பில்லோடு வந்தவர் அவர் மனைவி ஓதிலியா.
மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
ஒரு வரியில் விரலை வைத்தார்.
"பதினான்கு கனமீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள்.
அவர் ஒரு மாதமும் எட்டைத் தாண்டியதில்லை.
திருத்துங்கள்."

பெயரைச் சொல்லவில்லை. எண்ணைத்தான் சொன்னார்.

எட்டு என்று திருத்தினேன்.
காசை எண்ணி வைத்தார்.
வாங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்,
எப்படி வாங்காமலிருப்பது என்று தெரியவில்லை.
கதவைத் திறந்ததும் காற்று
முகப்பில் இருந்த காகிதங்களையெல்லாம் தூக்கியது.

ஆகஸ்டில் புதிய அட்டவணை எழுதினேன்.
தினப்பிரதிகள் மாடிக்குப் போயின,
சர்வருக்கு ஒரு சுவராவது தள்ளி.
இரவு மூன்று மணிக்கு, காற்றடித்தாலும்,
அன்று மாறியவை மட்டும் கம்பி வழியே அக்கரை சேரும்.
வட்டும் போகும்.
கம்பியை நம்பிக் கம்பளியைக் கைவிடவில்லை.
படகு நின்றால் எலியாசர் எனக்குச் சொல்ல வேண்டும்,
அன்றைக்கே, வாய்விட்டு.
மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பிரதியை
எழுப்பிப் பார்க்க வேண்டும்.
எழுப்பிப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கை,
அதற்கு அலமாரி தேவையில்லை.
கெடு முடிந்த எதுவும் நிற்கக் கூடாது என்றும் எழுதினேன்.
கர்செவிச் முனகிக்கொண்டே கையெழுத்திட்டார்.

அந்தப் பழைய வட்டு
ஜூன் மாதப்பிரதியாகக் கணக்கில் ஏறிவிட்டது.
இரும்புப் பெட்டிக்குள், ரொட்டி வாசனையில்,
2208-இல் இன்னும் ஒருவர்
சிக்கனமாகக் குழாயைத் திறந்து மூடுகிறார்.
அடுத்த ஜூன் இருபத்தெட்டு இரவு
அது தானே அழியும்.
விதிவிலக்கு எதுவும் எழுதவில்லை.
தேதி மட்டும் மனப்பாடம்.