பிற குறிப்புகள்

மார்ச் கடைசி. எஸ்தோனியாவின் வடகிழக்கு மூலை.
ஆஸ்பென் மரத்தடியில் முழங்காலிட்டு
நான் தேடுவது புழுக்கை.

சிரிக்கலாம். ஊர்மோவும் சிரித்தான்,
வெட்டு இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள்
பிளாஸ்க் காப்பியை ஊதி ஊதிக் குடித்தபடி.

பறக்கும் அணிலின் புழுக்கை
அரிசி அளவு இருக்கும், மஞ்சளாக.
ஒரே ஒரு மணி கிடைத்தால் போதும்,
பொந்துள்ள மரத்தைச் சுற்றிச்
சட்டம் ஒரு வட்டம் போட்டுவிடும்.
கிடைக்காவிட்டால்
திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு
ஊர்மோ சாவியைத் திருப்புவான்.

அவன் கெட்டவன் இல்லை.
நேற்று என் வண்டி சேற்றில் புதைந்தபோது
சங்கிலி கட்டி இழுத்துவிட்டவன்.
காட்டுக்குச் சொந்தக்காரி ஹெல்வேயும் கெட்டவள் இல்லை.
கம்பு ரொட்டி தந்தாள், ஊறுகாய் வெள்ளரி தந்தாள்,
மேசை நடுவில் ஒரு வாளி,
நாங்கள் பேசப் பேச அதில் கூரை சொட்டியது.
'மரம் விற்றால்தான் தகரம்' என்றாள்.
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.
ரொட்டியைத்தான் மென்றேன்.

பதினேழு மரம் முடிந்தது.
வேரிடுக்கில் மக்கிய இலை, உருகாத பனி,
முயல் கறம்பிய பட்டை,
எல்க் மான் போட்டுவிட்டுப் போன கொழுத்த உருண்டைகள்.
அவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை.
மஞ்சள் மட்டும் எங்குமே இல்லை.

என் சட்டையின் உள்பையில் ஒரு கண்ணாடிக் குப்பி.
போன வாரம், அறுபது கிலோமீட்டர் தள்ளி,
வேறொரு காட்டில் பொறுக்கியவை.
மூடியைத் திருகி
இரண்டே இரண்டை இங்கே உதிர்த்தால்
யாருக்குத் தெரியப்போகிறது?
விரல் மூடிவரை போனது.
அங்கேயே நின்றது.
நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
பாதி பயம்.
மீதி, கோபம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
அந்த ஒரு சோறு கையில் அகப்படவில்லையென்றால்
பானையே காலி என்று எழுதிவிடுவதா?

படிவத்தில் 'பிற குறிப்புகள்' என்று
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
எழுதத் தொடங்கினேன்:
நுரையீரல் போல் மடிந்த மரப்பாசி,
காய்ந்து சாம்பலாய்க் கிடந்தது,
என் தண்ணீர்ப் புட்டி கவிழ்ந்ததும்
கண்ணெதிரே பச்சையானது.
விழுந்து கிடக்கும் ஸ்புரூஸின் முதுகில்
ஒன்பது கன்று, வரிசை பிசகாமல்.
மரங்கொத்தி ஒன்று; அது தட்டி நிறுத்தும்போதுதான்
இவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருந்தது தெரிகிறது.
இது யாருக்கும் உபயோகப்படுமா தெரியாது.
எனக்கு முன்பும் இருந்தது,
என்னைக் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை.
இரண்டு வரி போதாமல்
ஓரத்தில் ஏறி, பின்பக்கம் போய்,
பேனா உறைந்து நின்றது.

பூட்ஸ் சத்தம். ஊர்மோ.
'எப்படி இருக்கும் என்றாய்?'
'அரிசி மாதிரி.'
'அரிசியில் எத்தனையோ ரகம் இருக்கிறதே.'
வேறு வழியில்லாமல் குப்பியைக் காட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் அதிக நேரம்.
'காலையிலிருந்து இது உன்னிடம் இருந்ததா?'
'இருந்தது.'
உதடசைய எண்ணினான். பதினொன்று.
திருப்பிக் கொடுத்தான்.

கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு
பதினெட்டாவது மரத்தின் அந்தப் பக்கம்
முட்டி போட்டான் ஊர்மோ.
கைகளில் டீசல் வாடை.
இலையை மூர்க்கமாகக் கிளறுகிறான்,
'மெதுவாக' என்றேன்.
மெதுவாகக் கிளறுகிறான்.

இன்னும் நாற்பத்தோரு மரம் இருக்கிறது.
வெளிச்சம் ஐந்தரை வரை.