பதினான்கு

கதவை உடைக்கத்தான் எனக்குக் கூலி.
மேட்டுப்பாளையத்தில் முதல் பேருந்து.
கடப்பாரையைச் சாக்கில் சுற்றிக்
காலடியில் கிடத்தியிருந்தேன்.
நடத்துனர் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அரவேணு தாண்டி ஓர் இறக்கம்.
இறக்கத்தில் ரேஷன் கடை.
இந்த மாதம் இரண்டு தடவை கரடி வந்திருக்கிறது.
பாமாயில் பாக்கெட்டுகளைக் கடித்துக் குடித்துவிட்டுச்
சர்க்கரை மூட்டையில் கை துடைத்துப் போயிருக்கிறது.
"துவரம்பருப்பைத் தொடலை" என்றார் விற்பனையாளர் போஜன்,
இருப்புக் கணக்கு வாசிப்பவர் போல.

பூட்டுக்குள் நான் பொருத்தியது
தீப்பெட்டியைவிடச் சின்னது.
அதிர்வை அறியும், அழுத்தத்தை அறியும்.
ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு திருகு;
எண் குறையக் குறையக் காது கூர்மை.
ஏழில் வைத்து ஆரம்பித்தேன்.

சரியான சாவிக்கு அது சும்மா இருந்தது.
தப்பான சாவியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன்,
அதற்கும் சும்மா இருந்தது.
விருந்தாளி போல விரலால் தட்டினேன்.
பிறகு கடப்பாரையை
நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொடுத்து
ஒரே நெம்பு.
அலறியது பாருங்கள்,
எதிர்ச்சரிவுத் தேயிலைக்குள் மேய்ந்த காட்டெருமைகள்
தலையைத் தூக்கி எங்களையே பார்த்தன.
வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.
"இன்னொரு வாட்டி உடை கண்ணு" என்றாள் ஒருத்தி.

ஆலன் மட்டும் தட்டவில்லை.
"கரடி இப்படியெல்லாம் அடிக்காது."
பையைக் கீழே வைத்தார்,
கதவுக்கு முதுகைக் கொடுத்தார்.
வருமோ வராதோ என்ற பஸ்ஸுக்கு நிற்பவர் போல
கொஞ்சம் கொஞ்சமாய்த் தன் பாரத்தை
அதன்மேல் இறக்கினார்.
கீல் ஒரு நூல் நகர்ந்தது.
தாழ்ப்பாள் பல்லைக் கடித்தது.
என் பெட்டி வாயே திறக்கவில்லை.
"அதுக்கு அவசரமே இல்லைம்மா" என்றார்.

ஆறு. ஐந்து. நான்கு.
மூன்றில்தான் ஆலனின் முதுகு அதற்குக் கேட்டது.
மூன்று என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அப்புறம் தூறல் பிடித்தது.
வரிசை இறவாணத்துக்குள் ஒடுங்கியது.
மருதாயி, கொழுந்துக் கூடை பழகிய முதுகு,
யாரிடமும் கேட்காமல்
கதவில் சாய்ந்துவிட்டாள்.

சைரன்.

துள்ளி எழுந்தவள்
இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டாள்.
"நான் ஒண்ணையும் தொடலையே" என்றாள்
போஜனிடம், என்னிடம், எருமைகளிடமும்.
சைரனை அணைத்த பிறகும்
அந்தக் கைகள் இறங்க நேரமானது.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
அடித்தால், நெம்பினால், அறுத்தால்
எல்லாவற்றுக்கும் இருந்தது.

திருகைத் தொடவில்லை.
மடிக்கணினியைத் திறந்து
கம்பெனி கேட்காத ஒரு வரி சேர்த்தேன்:
சாய்ந்தால் பதினைந்து வினாடி பொறு,
அதற்கு மேல் அலறு.
அடித்தால் பொறுக்காதே.

சொன்னதும் அது விளையாட்டாகிவிட்டது.
ஆளுக்கு ஒரு சாய்வு.
வரிசை முழுக்க உரக்க எண்ணும்,
பதினான்கில் நிமிர்ந்துவிட வேண்டும்.
மருதாயி பன்னிரண்டிலேயே எழுந்துவிட்டாள்,
பயமாம்.
"ரெண்டு மிச்சம் இருக்கு, சாஞ்சுக்க" என்று
ஆலன் அவளை மறுபடி உட்காரவைக்காத குறை.
அலறவிட்டவன் ஒரே ஒருவன்தான்,
போஜனுடைய மச்சான்,
வேண்டுமென்றே.

கடைசிப் பேருந்தில் இறங்கி
மேட்டுப்பாளையம் புழுக்கத்தில் படுத்தேன்.

நாலு பத்துக்குத் தலையணைக்கடியில் கைபேசி அதிர்ந்தது.
கடைக் கதவு. பாரம். பதினான்கு வினாடி. நீங்கியது.
கண்ணைக் கசக்குவதற்குள் இன்னொன்று.
பாரம். பதினான்கு. நீங்கியது.

போஜன் எண்ணைத் திரையில் எடுத்துவிட்டேன்.
நாளைக்கு மண்ணெண்ணெய் வருகிறது என்று
அவர் யாரிடமோ சொன்னது நினைவு வந்தது.

பாரம். பதினான்கு.

கரடிக்கு எண்ணத் தெரியாது.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.