வெயில் முறை

கரும்பலகையின் ஓரத்தில், தேதிக்குக் கீழே,
இன்று யாருக்கு வெயில் முறை என்று எழுதியிருக்கும்.
திங்கள் சுபின். செவ்வாய் ரெஷ்மி.
புதன் யாருமில்லை.
புதன்கிழமை படகு பிந்தும்,
நானும்.

பேச்சிப்பாறை அணையில் முக்கால் மணி நேரம் தண்ணீர்,
அதன்பிறகு ஏற்றம்.
சோலார் பலகை வந்த அன்று
"எந்த வீட்டு ஜன்னலு இது டீச்சரே" என்றார் படகுக்கார லாசர்.
மழை பிடித்ததும் தன் தார்ப்பாயை அதற்குப் போர்த்திவிட்டு
அவர் நனைந்தார்.

மேலே கோதையாற்றில்
தண்ணீர் விழுந்து மின்சாரமாகிறது.
கம்பிகள் எங்கள் தலைக்கு மேல்தான் போகின்றன.
ஈரக்காற்றில் முனகும்.
இறங்கி வர அவற்றுக்கு நேரமில்லை.

எனவே வெயில்.
அதுவும் ரப்பர் மரங்கள் போக மிச்சம் விழும் வெயில்,
பாய் அளவு, சில நேரம் முறம் அளவு.
ஒன்பதரைக்குக் கொடிக்கம்பத்தடி,
பதினொன்றுக்குக் கக்கூஸ் கூரை,
பன்னிரண்டரைக்கு அயனி மரத்துக்கும் சமையலறைக்கும் நடுவே.
நகர்த்த மறந்தால் நிழல் தின்றுவிடும்.
சுபின் மறப்பதில்லை.
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுகிறவன்
வெயில் அடுத்து எங்கே போய் நிற்கும் என்பதை
எழுந்து பார்க்காமலே சொல்வான்.

பலகையிலிருந்து பெட்டி,
பெட்டியிலிருந்து நான்கு போன்.
ஒன்றின் முகத்தில் விரிசல்.
பதினேழு பிள்ளைகள், முட்டிக்கொள்ளும் தலைகள்.
சதவீதத்தை நான் நடத்தவே இல்லை.
அது திரையின் மூலையில் வந்து
தானே உட்கார்ந்துகொண்டது.
"டீச்சர், முப்பத்தெட்டு இருக்கு.
ஒரு பாடத்துக்கு ஒம்பது போவும்.
நாலு பாக்கலாம், ரெண்டு மிஞ்சும்."
ரெஷ்மி மூன்றாம் வகுப்பு.
அந்த ரெண்டை என்ன செய்வது என்று
மணியடிக்கும்வரை சண்டை.

ஐப்பசியில் ஒன்பது நாள் சூரியன் இல்லை.
முறைப் பெயரை எழுதினேன், அழித்தேன்.
மூன்று போன் கறுத்தன.
விரிசல் போனில் பதினொன்று.
அதில் பின்னங்கள் பாடம்:
ஓர் ஆப்பிளை எட்டாக வெட்டி
மூன்று துண்டை எடுக்க ஒரு கை நீண்டபோது
வாசலில் பிந்துவின் அண்ணன்.
அண்ணிக்கு நோவு எடுத்துவிட்டது.
ஊரில் எந்தப் போனிலும் உயிரில்லை.

நான் பிள்ளைகளைப் பார்த்தேன்.
சுபின் ஏற்கெனவே பாடத்தை அணைத்திருந்தான்.
சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நாலு பேர் ஓடினார்கள்,
ஒரு குடை, அது போனுக்கு.
லாசருக்கு ஒரு அழைப்பு, ஆம்புலன்சுக்கு ஒன்று,
இடையில் கிடைக்காமல் போனவை இரண்டு.
திரும்பி வந்தபோது மூன்று சதவீதம்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

மறுநாள் பலகையில் மரச்சீனிக் கிழங்கு வரைந்து
எட்டாக வெட்டினேன்.
"அந்தக் கை மூணையும் எடுத்துதா டீச்சர்?"
எடுத்தது என்றேன்.
யாரும் நம்பவில்லை.

வெயில் வந்தது புதன்கிழமை.
நான் ஏறி வருவதற்குள் பலகை கொடிக்கம்பத்தடியைத் தாண்டி
கக்கூஸ் கூரைக்குப் போயிருந்தது.
யார் முறை என்று கேட்கவில்லை.

என் பின்னால் மூச்சிரைக்க லாசரும் ஏறி வந்தார்,
இதுவரை ஏறாத மனிதர்.
போனை நீட்டினார்: குலசேகரம் ஆஸ்பத்திரி,
துண்டுக்குள் ஒரு சின்ன, கோபமான முகம்.
"ரெண்டே முக்கால் கிலோ. பெண்ணு."
பதினேழு தலையும் முட்டிக்கொண்டன.

ரெஷ்மி மட்டும் முகத்தைப் பார்த்துவிட்டு
மூலையைப் பார்த்தாள்.
"மாமா, ஒங்களுக்கு எட்டுதான் இருக்கு.
சார்ஜில போடட்டா?"