ஓருறுப்புக் கணம்

டுவூம்பா. மலைவிளிம்பில் எங்கள் வளாகம்.
நான் கால அட்டவணை அலுவலகம்.
பாடத்துக்கு அறை, அறைக்கு நேரம், நேரத்துக்கு ஆள்,
இவ்வளவுதான் உத்தியோகம்.

தூய கணிதப் பட்டத்தை
மூன்று வருடம் முன்பே மூடிவிட்டார்கள்.
மூடினார்கள் என்று சொல்லக்கூடாதாம்,
படிப்படியாக நிறைவு செய்கிறார்கள்.
அந்த இடத்தில் புதிதாக ஒன்று:
தரவும் முடிவெடுத்தலும்,
இரண்டே வருடம், ஆறு வாரத்துக்கொரு சான்றிதழ்,
வேண்டுமானால் கைபேசியிலேயே.
குறை சொல்லவில்லை.
நானூறு பேர் சேர்ந்திருக்கிறார்கள்,
என் மகளும் ஒருத்தி.

ஆனால் விதி ஒன்று உண்டு:
ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்கும்வரை
பாடம் நடத்தியே ஆகவேண்டும்.
ஏற்கெனவே சேர்ந்தவர்கள் என்றால்
மார்லீன் போல்.
அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது.
நாற்பத்தாறு வயது, பால் டேங்கர் ஓட்டுகிறாள்,
பருவத்துக்கு ஒரு பாடமாக
இது ஒன்பதாவது வருடம்.

பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் மென்பொருள் சிவக்கும்,
காரணம் கேட்கும்.
எட்டுக் காரணங்கள் தரும், எதிலும் இவள் அடங்கமாட்டாள்.
ஒவ்வொரு முறையும் "மற்றவை" என்று போட்டேன்.
முதலில் அறுபது நாற்காலி அறை கொடுத்தேன்,
பிறகு இருபது,
இப்போது இரண்டாம் மாடியில்
பழைய புரொஜெக்டர்களை அடுக்கி வைத்திருந்த அறை.
புதன்கிழமை, மாலை நான்கு முதல் ஆறு.

அக்டோபரில் மேலிடத்துக் கடிதம்:
உணரிக் கணக்குப்படி அந்த அறையின் உபயோகம்
வாரத்துக்குப் பதினான்கு நிமிடம்.
பேராசிரியர் ஃபரிபா வகுப்பெடுக்கிறாரா என்று
நேரில் பார்த்து எழுதவும்.

போனேன்.
வெளியே ஆலங்கட்டி, என் கார் கூரையில் விழும் சத்தம்
மாடிப்படி வரை கேட்டது.
கதவைத் திறந்தால்
இருட்டு.

இருட்டுக்குள் இரண்டு பேர்.
சாக்பீஸை உதட்டில் வைத்தபடி ஃபரிபா.
பூட்ஸைக் கழற்றிவிட்டு
நாற்காலியில் சம்மணமிட்டு மார்லீன்.
பலகையில் பாதி நிரூபணம்,
கடைசி வரியில் ஒரு சமக்குறி,
அதற்கு வலப்பக்கம் வெறும் கறுப்பு.

நான் உள்ளே வந்ததற்கு விளக்கு எரிந்தது.
இருவரும் கண்ணைச் சுருக்கினார்கள்.
"அசையாமல் இருந்தால் அணைந்துவிடும்," என்றார் ஃபரிபா,
"ஏழு நிமிடம் தருகிறது.
இதற்கு ஏழு நிமிடம் போதாது."

ஒன்பதாம் வகுப்பில், தமிழ்வழியில்,
கணங்கள் என்று எங்களுக்கு ஒரு பாடம்.
உறுப்பே இல்லாவிட்டால் வெற்றுக் கணம்,
ஒன்றே ஒன்று இருந்தால் ஓருறுப்புக் கணம்,
இரண்டும் ஒன்றல்ல என்று எழுத இரண்டு மதிப்பெண்.
கணம் என்றால் நொடியும்தானே சார் என்றேன்.
அதைத் தமிழ் ஐயாவிடம் கேள் என்றார்.
கேட்கவில்லை.

படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து,
எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று
நான் பார்த்துக்கொண்டிருந்தபோது
மார்லீன், பலகையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
"ஒரு உதவி," என்றாள்.
"அங்கேயே நின்று அவ்வப்போது
கையை ஆட்ட முடியுமா?"

நின்றேன்.
ஆலங்கட்டி ஓய்ந்தது. யாரோ கீழே
கார்களை எண்ணித் திட்டிக்கொண்டு போனார்கள்.
ஐந்தே முக்காலுக்கு ஃபரிபா
சமக்குறியை அழித்து
அதே இடத்தில் வேறொரு குறி போட்டார்.
மார்லீன், "ஓ," என்றாள், பிறகு, "இல்லை," என்றாள்.

வலது கை கடுத்தபோது
இடது கையால் ஆட்டினேன்.